நரி சுமந்த பழி

சிங்கத்தைக் காட்டுக்கு ராஜா என்று முதலில் சொன்னவன் விடிந்த பிறகு எழுந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். இருட்டில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்திருக்கிறான். செத்துக் கிடக்கிற வரிக்குதிரை மேல் காலைப் போட்டுக்கொண்டு சிங்கம் தின்கிறது. கழுதைப்புலிகள் கொஞ்சம் தள்ளி நின்று அது எப்போது எழுந்து போகும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். சிங்கம் வேட்டைக்காரன், கழுதைப்புலி எச்சில் பொறுக்கி. நாமும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் நான் விலங்குகள் வரும் சேனலைப் போட்டுவிட்டு உட்காருவேன். இங்கிலீஷில்தான் பேசுவார்கள். பிளஸ் டூ வரை படித்தவள், பாதி புரியும். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். இருட்டிலும் படம் எடுக்கிற கேமராவை வைத்து எடுத்த நிகழ்ச்சி ஒன்றை அப்படித்தான் பார்த்தேன். கழுதைப்புலிகள் கூட்டமாக ஓடி, மூச்சு வாங்க ஓடி, ஒரு வரிக்குதிரையைத் தாங்களே மடக்கிச் சாய்த்தன. தின்னத் தொடங்கியதும் அவை போட்ட சத்தம் எங்கோ படுத்திருந்த சிங்கத்தின் காதில் விழுந்தது. அது எழுந்து நடந்து வந்தது. ஓடக்கூட இல்லை. ஒரு கழுதைப்புலியின் முதுகைக் கடித்து உதறியது. மற்றவை சிதறின. விடியும்போது டி.வி.யில் தெரிந்தது அதே பழைய காட்சிதான். மேலே சிங்கம், சுற்றிலும் காத்து நிற்கிற கழுதைப்புலிகள்.

எழுந்து டி.வி.யை அணைத்தேன்.

"ஒரு சிங்கத்து மேலயா இம்புட்டுக் கோவம்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

கோபம்தான் என்றாலும் பார்ப்பதை நான் விடவில்லை. சிவிங்கிப்புலி உயிரைக் கொடுத்து ஓடி ஒரு மானைப் பிடிக்கும். சிங்கம் தலையைக் காட்டினால் போதும், சண்டைகூடப் போடாமல் விட்டுவிட்டுப் போய்விடும். சிறுத்தை கொஞ்சம் விவரமானது, அடித்ததை மரத்து மேல் இழுத்துக்கொண்டு போய் வைத்துக்கொள்ளும். கழுதைப்புலிகளும் எப்போதும் சும்மா இருப்பதில்லை. கூட்டம் பெரிதாக இருந்து, எதிரில் நிற்பது பெண் சிங்கங்கள் மட்டும்தான் என்றால் திருப்பி விரட்டும். பிடரி வைத்த ஆண் வந்து நின்றால்தான் கதை மாறும். அதே மிருகங்கள் கோடையில் ஒரே குட்டையில் ஆளுக்கொரு நேரமாக வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்வேன். காட்டுப் பிழைப்பு அப்படி. ஆனால் சிங்கம், சிறுத்தைக் குட்டியைப் பார்த்தால் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போய்விடும் என்று காட்டினார்கள். அங்கேதான் எனக்கு எங்கள் சித்தப்பா வளர்த்த நாய்களின் ஞாபகம் வந்தது.

நான் பிறந்த ஊர், திருச்சுழி போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை மேலேயே நடந்தால் வரும். எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் குதிரைவாலி, கொத்தமல்லி, பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. எண்பதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். நிலம், கிணறு, மாடு எல்லாம் பொது. ஆடுகள் மட்டும் அம்மாவுடையவை. பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த ஒரு வெள்ளாடு பெருகிப் பெருகி ஒரு பட்டி ஆகியிருந்தது. ஊர்க்கடைசிக் களத்தை ஒட்டி, கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி அடைத்துப் பட்டி போட்டிருந்தாள்.

"இந்த ஆடுகதான் உன் காலேசு" என்பாள் அம்மா. விளையாட்டுக்குச் சொன்னதில்லை. நான் அருப்புக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்து சயின்ஸ் டீச்சர் ஆவது என்று எனக்கும் அம்மாவுக்கும் முடிவாகியிருந்தது. அப்பா "பாப்போம்" என்று சொல்லியிருந்தார். பொதுப் பணத்தில் பொட்டப்பிள்ளையைப் படிக்க வைக்கச் சித்தப்பா சம்மதிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆடுகள் இருந்தால் நான் படிப்பேன், இல்லாவிட்டால் இல்லை.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டில் நரிகள் இருந்தன. குள்ளநரிகள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது ஒன்று ஊளையிடத் தொடங்கும், நாலு பக்கமிருந்தும் பதில் வரும். எலியைத் தின்னும், தண்ணீர் வற்றும்போது நண்டைத் தோண்டித் தின்னும், இலந்தைப்பழம் உதிர்ந்தால் அதையும் விடாது. ஊர் நாய்கள் குரைத்துக்கொண்டு கரை வரைக்கும் துரத்தும், அதோடு நின்றுவிடும். நரியும் நாய் நடமாடுகிற நேரத்தில் கரையைத் தாண்டி வராது. யார் எல்லை எதுவரை என்று இரண்டுக்கும் தெரிந்திருந்தது. எப்போதாவது ஈன்ற கையோடு ஒரு குட்டியை நரி கவ்விக்கொண்டு போகும். அம்மா ஒரு பாட்டம் திட்டிவிட்டு, "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

சித்தப்பாவை ஊரில் சிங்கம் என்பார்கள். மீசை அப்படி. அவரும் அந்தப் பேரைக் கேட்டால் தோளை நிமிர்த்திக்கொள்வார். சித்தி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணச் சீரோடு இரண்டு கன்னி ஜாதி நாய்கள் வந்தன. அந்தப் பக்கம் சில வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண்ணோடு வேட்டை நாயையும் கொடுத்து அனுப்புவார்கள். ஒட்டிய வயிறு, ஊசி முகம், கருப்பு உடம்பில் புருவமும் காலும் மட்டும் செம்பட்டை. முயலை ஓடிப் பிடிக்கும். சீராக வந்த நாய் மேல் கை ஓங்கக் கூடாது, சங்கிலியால் அடிக்கக் கூடாது, பேர் சொல்லித் திட்டினால்கூட அது பெண் வீட்டாரைத் திட்டியதாக ஆகும். எங்களுக்கு மோர் ஊற்றும்போது யோசிக்கிற வீட்டில் அவற்றுக்குக் கம்பங்கூழில் பால் ஊற்றினார்கள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் காவலுக்கு என்று அவிழ்த்துவிடுவார் சித்தப்பா. எதற்குக் காவல், எவன் வந்து எங்கள் வீட்டுக் குதிரைவாலியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் பட்டியில் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. ஒன்று சினை ஆடு. தொடை கிழிந்திருந்தது, கழுத்து கிழிந்திருந்தது, ஆனால் இறைச்சி அப்படியே இருந்தது. முள்வேலி ஓரம் கிடந்த ஆட்டின் வயிற்றில் ஒரு நரி வாயை வைத்துக்கொண்டிருந்தது. ஆள் சத்தம் கேட்டதும் ஓடியது. அம்மா போட்ட கூச்சலில் வந்த அத்தனை பேரும் அது ஓடுவதைப் பார்த்தார்கள். அப்புறம் வேறு சாட்சி எதற்கு? பல்லுக்குச்சியோடு வந்தவர்கள் குச்சியைத் துப்புவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. ஒரு குள்ளநரி வளர்ந்த ஆடு மூன்றை அடித்துச் சாய்க்குமா? அப்படியே சாய்த்தாலும் தின்னாமல் போகுமா? பசித்தவன் ஒன்றைக் கொன்று அதைத் தின்பான். தின்னாமல் கொன்று போடுவது வயிறு நிறைந்தவன் செய்கிற வேலை. அங்கே நின்றவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து ஆட்டோடும் மாட்டோடும் கிடந்தவர்கள். இவ்வளவு தெரியாதா அவர்களுக்கு? தெரியும். ஆனால் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்று, "நரிக்கு ஒரு வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டார். சிங்கம் சொன்ன பிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்?

அடுத்த வாரம் மறுபடி இரண்டு. அன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தப்பா அருப்புக்கோட்டை உரக்கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்றார். உள்ளே கல்லாவுக்கு மேலே சாமி படங்களோடு கண்ணாடி போட்ட ஒரு நரிப் படம் மாட்டியிருந்தது. கடை திறந்ததும் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று முதலாளி அதற்கும் பொட்டு வைத்திருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் பருத்திக்கு அடிக்கிற மருந்தை வாங்கினார் சித்தப்பா. எதற்கு என்று சொல்லித்தான் வாங்கினார். "நல்லா கேக்கும் அண்ணாச்சி, ஒரு மூடி போதும்" என்றார் கடைக்காரர். நரிக்குப் பொட்டு வைத்த அதே விரலால் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தார்.

செத்த ஆட்டின் உடம்பைக் கீறி மருந்தை ஊற்றிக் கண்மாய்க்கரையில் போட்டார்கள். தன் நாய்கள் மட்டும் அதில் வாய் வைத்துவிடக் கூடாது என்று சித்தப்பா இரண்டையும் மாட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டார். மழை வந்து கரையைக் கழுவும் வரைக்கும் அவிழ்க்கவில்லை.

கரை நெடுகச் செத்துக் கிடந்தன. நரிகள் வாயில் நுரையோடு காலை நீட்டிக் கிடந்தன. காக்காய்கள் கிடந்தன. ஒரு கீரிப்பிள்ளை கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, பிள்ளை இடுப்புக் கயிற்றில் கட்டுவதற்கு ஒரு நரிப்பல் வேண்டும், பயம் தெளியும் என்று கேட்டாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது ஊளைச் சத்தம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு ஆடுகூடச் சாகவில்லை. "பாத்தீகளா மதினி?" என்று அம்மாவிடம் வந்து கேட்டார் சித்தப்பா. "நான் சொன்னேன்ல, நரிதான்னு!" அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு அப்போது கத்த வேண்டும் போல இருந்தது. நரி செத்தபோதே நாயும் கட்டிக் கிடந்ததே, ஆடு பிழைத்தது எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்? இதை யோசிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் சீர் நாயைச் சந்தேகப்படுவது என்று ஒன்று அந்த வீட்டில் யாருக்கும் மனதிலேயே வராது. அது சித்தியின் தகப்பனாரைச் சந்தேகப்படுவது போல.

மழை விட்டது. நாய்களை அவிழ்த்துவிட்டார். நாலாம் நாள் பட்டியில் மறுபடி ரத்தம். "வெளியூர் நரி வந்திருக்கு" என்றார் சித்தப்பா. நரி இல்லாத கருவேலங்காட்டுக்குள் இப்போது தெரு நாய்களும் கூச்சமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தன. கன்னிகள் முன்னால் போகும், அவை பின்னால் போகும். வயலில் எலி வங்கு பெருத்து, காலை வைத்தால் மண் உள்ளே இறங்கியது. அதற்கும் மருந்து வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கண்ணால் பார்த்தது அரைப் பரீட்சை லீவில். பொழுது விடிந்து வெளிச்சம் வந்த நேரம். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். பட்டியின் முள்ளைத் தாண்டிக் குதித்து வெளியே வந்தன இரண்டும். நெஞ்சு முழுக்க ரத்தம். என்னைப் பார்த்து ஓடக்கூட இல்லை. ஒன்று உடம்பை நெளித்துச் சோம்பல் முறித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தது. உள்ளே நாலு ஆடுகள் கிடந்தன. ஒரு குட்டிக்கு இன்னும் உயிர் இருந்தது.

ஓடி வந்து முற்றத்தில் நின்று சொன்னேன். எல்லோரும் இருந்தார்கள். "நாய்தான் சித்தப்பா. நம்ம கன்னிதான். நான் பாத்தேன், நெஞ்செல்லாம் ரத்தம்."

"முயல அடிச்சிருக்கும், கழுத" என்றார் அவர், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"முயலு நம்ம பட்டிக்குள்ள எங்க இருந்துச்சு?"

சித்தி முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். "எங்கப்பா வீட்டுச் சீரு மேல பழி போடுறாளே. இன்னிக்கு நாயச் சொல்லுறா, நாளைக்கு என்னயச் சொல்லுவா. நான் இந்த வீட்டுல இருக்கணுமா வேண்டாமா, அக்கா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அப்பா எழுந்து வந்து என்னை ஓர் அறை விட்டார். "பொட்டப்புள்ளைக்கு என்ன வாயி! அண்ணந்தம்பி ரெண்டு பேரு சேந்து இருக்குறது பொறுக்கலையா ஒனக்கு?" காது அடைத்துக்கொண்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுடைய ஆடுகள். நாலு கிடக்கின்றன பட்டியில். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா என் கையைப் பிடித்து, "பேசாம உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். பயந்துவிட்டாள், பாவம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடைக்குள் பட்டியில் பாதி காலி. மிஞ்சியதையும் நாய்க்கும் நரிக்கும் கொடுப்பானேன் என்று அப்பா வியாபாரியை வரச் சொல்லி வேனில் ஏற்றிவிட்டார். வந்த பணம் பொதுப் பணத்தோடு போனது. எனக்குப் பரீட்சை முடிவு வந்தது. பள்ளிக்கூடத்தில் விலங்கியலில் நான்தான் முதல் மார்க்கு. டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, எந்தக் காலேஜ் என்று கேட்டார்கள். ஆவணியில் எனக்குக் கல்யாணம். பந்தல் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தவர் சித்தப்பா. எல்லோரும், "சிங்கம் மாதிரி நின்னு நடத்திட்டாரு" என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். சிங்கம் எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

சேர்ந்து இருந்த அந்த வீடும் நிலைக்கவில்லை. என் கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு வருஷத்தில் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்று அண்ணனும் தம்பியும் வெட்டுக் குத்து வரைக்கும் போனார்கள். முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். அப்பா சாகும்வரை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசவில்லை. சித்தப்பா காரியத்துக்கு வந்தார், ஓரமாக நின்றார், போனார்.

கேபிள் வந்த மறு வருஷம் அம்மா கண் ஆபரேஷனுக்கு அருப்புக்கோட்டை வந்து என் வீட்டில் தங்கினாள். ஒரு கண்ணில் கட்டு. மத்தியானம் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அவளும் இன்னொரு கண்ணால் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அன்றும் சிங்கம்தான். கழுதைப்புலிகளின் இரையைப் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தது.

"பாத்துக்கம்மா" என்றேன். "அடிச்சது ஒருத்தன், பேரு ஒருத்தனுக்கு. நம்ம பட்டியில நடந்த மாதிரியேதான். காலையில வாய் வச்சிட்டு நின்னது நரி. அதனால நரி கொலகாரன். அந்த ஆளு நாய அவுத்து விட்டுட்டு மீசையத் தடவிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரே ஒரு ஆளு நான் சொன்னத நம்பியிருந்தா நான் இன்னிக்கு டீச்சரு."

எவ்வளவோ வருஷமாக மனதில் ஓட்டிப் பார்த்த பேச்சு, அதனால் நிறுத்தாமல் பேசினேன். நான் மூச்சு விட நிறுத்தியதும் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாயின்னு. ஆட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டுக் கம்ப எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பவே மூணும் விழுந்துருச்சு. 'ச்சூ'ன்னேன். அதுல ஒண்ணு என்னய அடையாளம் கண்டு வால ஆட்டிக்கிட்டு வந்து கைய நக்குச்சு. வாயெல்லாம் ரத்தம். விடிஞ்சா எல்லாரும் பாத்துருவாகளேன்னு தொட்டியில தண்ணி மோந்து நாந்தான் ரெண்டுக்கும் வாயக் கழுவி விட்டேன். பொறவு வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டேன். நரி விடியக்காலந்தான் வந்துச்சு."

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வீடு ரெண்டாயிருக்கும். சீர் நாயச் சொன்னா ஒன் சித்தி அன்னிக்கே பொட்டியக் கட்டியிருப்பா. அண்ணந்தம்பி பிரிஞ்சது என்னாலன்னு ஊரு சொல்லும். நரியின்னு சொன்னா யாருக்கு என்ன? நரிக்காகச் சண்ட போட சொந்தக்காரன் யாரு இருக்கா?"

அவள் இதைச் சொன்னபோது குரலில் குற்றம் எதுவும் இல்லை. வீட்டைக் காத்த பெண் பேசுகிற குரல் அது. இத்தனை வருஷம் சித்தப்பாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் அத்தனையும் எழுந்து வந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த என் தாயைப் பார்த்து நின்றது.

"நரிக்கு யாரும் இல்ல, சரி" என்றேன். "எனக்கு நீ இருந்தியேம்மா."